ஒதெல்லோவைக் கெடுத்தது எது?

(மேடவாக்கத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் விவரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். மேடவாக்கத்தில் மேடை போட்டுவிட்டு, நானூறு வருஷத்துக்கு முன் இங்கிலீஷ்காரன் ஒருவன் எழுதிய நாடகத்தைப் பற்றிப் பேசுவானேன்? ரோடு, தண்ணீர், ஏரி என்று பேசவேண்டிய சங்கதிகள் இங்கேயே மலைபோலக் கிடக்கவில்லையா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் அந்த நாடகத்தில் நடப்பது நம் தெருவில் நடப்பதுதான் என்று காட்ட நமக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள். காட்டாவிட்டால் பிறகு எழுந்து கேளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் வாலிபர்கள் சிலர் தங்கள் பரீட்சைக் குறிப்புப் புத்தகத்தை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் ஒரு கேள்வி: ஒதெல்லோவின் வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? அதற்குப் பதில்: அவனுடைய பொறாமைக் குணம். அவ்வளவுதான். இதை எழுதினால் மார்க்கு உண்டாம். இந்தப் பதிலை நாம் வேறு எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்துப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றுபோன ஏழைப் பையனைப்பற்றி என்ன சொல்லுகிறார்கள்? அவன் குணம் அப்படி என்கிறார்கள். கோபம் வந்து கையை ஓங்கியவனைப்பற்றி என்ன சொல்லுகிறார்கள்? அந்த ஜாதி இரத்தமே அப்படி என்கிறார்கள். ஒருவனை நாலு பக்கமும் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அவன் முட்டிக்கொண்டு மண்டை உடைந்தால், மண்டை உறுதியாயில்லை என்று தீர்ப்புச் சொல்லுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியுமா?

நாம் காலேஜில் படித்தவர்களல்ல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வரியை நாலு தரம் புரட்டிப் படித்தவர்கள். அதில் ஒரு லாபமும் உண்டு. பேராசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிவதற்கு முன்பே, நாடகம் என்ன சொல்லுகிறது என்று தெரிந்துவிட்டது.

கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். இத்தாலியில் வெனிஸ் என்று ஒரு வியாபாரப் பட்டணம். கப்பலும் பணமும் நிறைந்த கனவான்களுடைய ஊர். அந்த ஊருக்குச் சேனாதிபதி ஒதெல்லோ. அவன் அந்த ஊரானல்ல. ஆப்பிரிக்காக்காரன், கறுப்பன், அடிமையாய் விற்கப்பட்டு மீண்டவன். பிரபான்ஷியோ என்னும் பெரிய மனிதர் அவனை அடிக்கடி வீட்டுக்கு அழைத்து, விருந்து வைத்து, அவன் போருக்குப் போன கதைகளைக் கேட்டு மகிழுவார். அவருடைய மகள் டெஸ்டிமோனாவும் கேட்டாள். கேட்டுக் கேட்டு அவனிடத்தில் காதல் கொண்டாள். இருவரும் யாருக்கும் சொல்லாமல் மணம் செய்துகொண்டார்கள். ஒதெல்லோவின் கீழ் வேலைபார்க்கும் இயாகோ என்பவன், தனக்குக் கிடைக்கவேண்டிய பதவி காஸியோ என்பவனுக்குப் போய்விட்ட ஆத்திரத்தில், மனைவிக்கும் காஸியோவுக்கும் சம்பந்தம் என்று ஒதெல்லோவின் காதில் ஓதுகிறான். ஒதெல்லோ நம்பிவிடுகிறான். குற்றமற்ற அந்தப் பெண்ணைப் படுக்கையிலேயே கொல்லுகிறான். உண்மை தெரிந்ததும் தன்னையும் குத்திக்கொண்டு சாகிறான். 1604-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி லண்டனில் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் இது ஆடப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது.

இந்தக் கதை ஷேக்ஸ்பியரின் சொந்தச் சரக்கல்ல. சிந்தியோ என்னும் இத்தாலியர் 1565-ல் அச்சிட்ட கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அந்த மூலக்கதையில் கதாநாயகனுக்குப் பெயரே கிடையாது. வெறும் ‘மூர் ஜாதியான்’ என்பதோடு சரி. நம் நாட்டில் சேரிக்காரனைப் பெயர் சொல்லாமல் ஜாதி சொல்லிக் கூப்பிட்டார்களே, அதுபோல. அல்லாமலும், அந்தக் கதையில் சாகப்போகும் பெண்ணின் வாயாலேயே, பெற்றோர் பேச்சை மீறி, இயற்கையாலும் தெய்வத்தாலும் வாழ்க்கை முறையாலும் நம்மிலிருந்து வேறுபட்டவனை மணக்கக்கூடாது என்பதற்கு நானே பாடமாவேன் என்று புத்திமதி வைத்திருக்கிறார் ஆசிரியர். ஷேக்ஸ்பியர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். பெயரில்லாதவனுக்குப் பெயர் கொடுத்தார். அந்தப் புத்திமதியை அடியோடு எடுத்தெறிந்தார். சாகும்போதுகூட டெஸ்டிமோனா தான் கறுப்பனை மணந்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுவதில்லை.

இப்போது பெண்ணைப் பெற்ற பிரபான்ஷியோவைப் பாருங்கள். நடுராத்திரியில் இயாகோ அவருடைய ஜன்னலுக்குக் கீழே நின்று, ஆட்டையும் குதிரையையும் உவமை காட்டி, மனிதன் வாயால் சொல்லக்கூசும் பேச்செல்லாம் பேசி அவரை எழுப்புகிறான். எழுந்தவர் சபைக்கு ஓடிவந்து என்ன முறையிடுகிறார்? என் மகள் தன் புத்தியோடு இருந்தால் இவனை விரும்பியிருக்கவே மாட்டாள். மருந்து வைத்துவிட்டான், மந்திரம் போட்டுவிட்டான், வசியம் செய்துவிட்டான் என்கிறார்! தோழர்களே, இது எந்த ஊர்ப் பேச்சு? வெனிஸ் பேச்சா, வேளச்சேரிப் பேச்சா? ஒரே ஜாதிக்குள் ஒருத்தி ஒருவனைக் காதலித்தால் அதற்குப் பெயர் காதல். ஜாதி கடந்து காதலித்தால் அதற்குப் பெயர் மயக்கம், சொக்குப்பொடி, நாடகக் காதல். பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு மனம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மாட்டாதவனுக்கு வசியத்தைத் தவிர வேறு காரணம் அகப்படாது. ஆனால் அந்தப் பெண்ணையே சபைக்கு அழைத்துக் கேட்டார்கள். அவள் வந்து, தகப்பனுக்கு முன்னால் நின்று, என் விருப்பத்தினால்தான் மணந்தேன் என்று தெளிவாகச் சொன்னாள். தகப்பனுக்கு வாய் அடைத்துப்போயிற்று.

விருந்துக்கு அழைத்தவர்தானே, அவனிடத்தில் அன்பு வைத்தவர்தானே, இப்போது என்ன வந்தது என்று கேட்கலாம். அதுதான் ஜாதி அபிமானத்தின் யோக்கியதை. இங்கே பக்கத்தில் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. பட்டணத்துக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறது சர்க்கார். அந்த வீடுகளிலிருந்து பெண்கள் காலையில் புறப்பட்டுப் பழைய மாமல்லபுரம் ரோட்டு கம்பெனிகளில் தரை துடைக்கிறார்கள். நம் வீடுகளில் சமைக்கிறார்கள். அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுகிறோம். குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். ஆனால் அந்த முகவரியைச் சொல்லி ஒருவன் வாடகைக்கு வீடு கேட்டால், இப்போதுதான் வேறு ஆளுக்குப் பேசி முடித்தோம் என்கிறோம். பெண் கேட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

சபைத் தலைவரான டியூக் தீர்ப்புச் சொன்னார். ஒதெல்லோவுக்கு அனுகூலமான தீர்ப்புத்தான். ஆனால் அந்த ராத்திரி சபை எதற்காகக் கூடியிருந்தது? துருக்கிக் கப்பற்படை சைப்ரஸ் தீவை நோக்கி வருகிறது. அதைத் தடுக்க ஒதெல்லோவை விட்டால் ஆள் கிடையாது. துருக்கியன் வராதிருந்தால் தீர்ப்பு எப்படியிருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அப்படி நல்ல வார்த்தை சொல்லும் டியூக்கும், உன் மருமகன் குணத்தைப் பார்த்தால் கறுப்பனைவிட வெள்ளையன் என்றே சொல்லலாம் என்கிற பொருளில் தகப்பனைத் தேற்றுகிறார். புகழ்ச்சிக்குள்ளே இருக்கும் விஷத்தைப் பாருங்கள். ‘உங்களைப் பார்த்தால் அந்த ஜாதி என்றே தெரியாது சார்’ என்று நம் ஆபீசுகளில் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுகிறார்களே, அது இதுதான்.

நிற்க, இயாகோ செய்த வேலைக்கு வருவோம். இங்கேதான் பரீட்சைக் குறிப்பு எழுதியவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள். ஒதெல்லோ பொறாமையோடு பிறந்தவனல்ல. மனைவி அழகி, விருந்து உபசாரத்தில் விருப்பமுள்ளவள், பாடுவாள், ஆடுவாள் என்றால் அதெல்லாம் குணமேயன்றிக் குற்றமல்ல. அவள் கண்ணிருந்துதானே என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்று அவனே சொல்லுகிறான். அப்படிப்பட்டவனை இயாகோ எப்படி மடக்குகிறான்? சாட்சியைக் காட்டியா? இல்லை. தகப்பனையே ஏமாற்றியவள் ஆயிற்றே என்று ஒரு போடு போடுகிறான். வெனிஸ் பெண்களின் தன்மை உனக்குத் தெரியாது, நீ வெளியூரான் என்று இன்னொரு போடு. பிறகு, தன் தேசத்திலும், தன் நிறத்திலும், தன் அந்தஸ்திலும் எத்தனையோ வரன் வந்தும் வேண்டாமென்று உன்னைப் பிடித்தாளே, இது இயற்கைக்கு விரோதமான புத்தியல்லவா, இப்படிப்பட்டவள் நாளைக்குத் தெளிந்து தன் இனத்தானோடு உன்னை ஒப்பிட்டுப் பார்க்கமாட்டாளா என்கிறான். அந்த இடத்தில் ஒதெல்லோ ஆடிப்போகிறான்.

அதாவது, உன் மனைவி கெட்டவள் என்று இயாகோ சொல்லவில்லை. உன்னைப்போன்றவனை ஒருத்தி மனதாரக் காதலிக்க முடியுமா என்று கேட்டான். ஒதெல்லோ அதற்குத் தனக்குள் என்ன பதில் சொல்லிக்கொள்ளுகிறான்? நான் கறுப்பன், நயமாகப் பேசத் தெரியாதவன், வயதும் ஆகிவிட்டது, அதனால்தான் போலும் என்று தன்னையே எண்ணிக் குன்றுகிறான். சற்று நேரத்துக்கெல்லாம், என் பெயர் என் முகத்தைப்போலவே அழுக்கேறிக் கறுத்துவிட்டது என்கிறான். தோழர்களே, இந்த இடத்தை நாம் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். அவமானத்துக்கு ஓர் உவமை தேடிய மனிதனுக்குத் தன் முகமே கிடைத்தது! நம் பாஷையிலும் இது இருக்கிறதல்லவா? ‘குடும்பத்தின் முகத்தில் கரியைப் பூசிவிட்டாளே’ என்கிறோம். கரி என்ன பாவம் செய்தது? நம்மில் முக்காலே மூன்று வீசம் பேர் முகம் அந்த நிறந்தானே! அந்த முகத்தை வைத்துக்கொண்டே வெள்ளைத்தோல் மருமகள் வேண்டுமென்று விளம்பரம் செய்கிறோம்.

தன்னைப் பிறர் தாழ்த்துவது ஒரு கொடுமை. அதைவிடப் பெரிய கொடுமை, தாழ்த்தப்பட்டவன் அதை உண்மையென்று நம்பிவிடுவது. சிப்பாய், கப்பல், கோட்டை எல்லாம் கையிலிருந்தும், தன்னை ஒரு பெண் விரும்பினாள் என்பதை மட்டும் ஒதெல்லோவால் உறுதியாக நம்பமுடியவில்லை. அந்த நம்பிக்கையின்மையை இயாகோ உண்டாக்கவில்லை. வெனிஸ் பட்டணம் முழுவதும் சேர்ந்து முன்னமே உண்டாக்கி வைத்திருந்தது. இயாகோ அதில் நெருப்பு வைத்தான், அவ்வளவே.

இந்த ஊர்ப்புத்தி எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி எமிலியா. இவள் இயாகோவின் மனைவி. நாடகத்திலேயே நேர்மையும் துணிச்சலும் உள்ளவள். புருஷனுக்கு இருக்கும் ஆசாபாசம் பெண்சாதிக்கும் உண்டு என்று நியாயம் பேசியவள். கடைசியில் உண்மையைச் சொன்னதற்காகப் புருஷன் கையாலேயே குத்துண்டு சாகிறாள். அப்படிப்பட்டவளும், கொலையைப் பார்த்த ஆத்திரத்தில் ஒதெல்லோவை ஏசும்போது, முதலில் நாக்கில் வருவது அவன் நிறம். நம் தெருக்குழாயில் சண்டை வந்தால் முதல் வார்த்தை எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்லுவதால், ஒதெல்லோவைக் குற்றமற்றவன் என்று நாம் விடுதலை செய்யப் போகிறோமா? ஒருக்காலும் இல்லை. நம் கூட்டாளிகள் சிலர் இந்த இடத்தில் சறுக்கிவிடுகிறார்கள். ஒடுக்கப்பட்டவன் செய்தான் என்றால் பேசாதிருந்துவிடுகிறார்கள். செத்தவள் ஒரு பெண். ஒரு கைக்குட்டையைச் சாட்சியாக வைத்துக் கொண்டு, அவளைக் கேட்டும் கேட்காததுபோல இருந்து, அவள் கெஞ்சக் கெஞ்சக் கொன்றான். அந்தக் கைக்குட்டையோ மந்திரம் ஏற்றியது, தொலைந்தால் காதல் போய்விடும் என்று அவனே நம்புகிறான். சபையில் மந்திரம் பொய்யென்று நிரூபித்த அதே மனிதன்! கொன்ற பிறகும், வெறுப்பால் செய்யவில்லை, மானத்துக்காகச் செய்தேன் என்கிறான். பிராட்லி என்னும் பேராசிரியர் 1904-ல் இவனை மகா உத்தமன் என்று எழுதினார். லீவிஸ் என்பவர் 1937-ல், தன் பெருமையைத் தானே மெச்சிக்கொள்ளும் தற்பெருமைக்காரன் என்று எழுதினார். இரண்டு பேரும் பெரிய படிப்பாளிகள். நமக்குத் தோன்றுவது வேறு. நிறத்தைப்பற்றி வெனிஸ் சொன்ன பொய்யை அவன் எப்படி நம்பினானோ, அப்படியே பெண்ணைப்பற்றி வெனிஸ் சொன்ன பொய்யையும் நம்பினான். தகப்பன் அவளைக் களவுபோன சொத்து என்றான். புருஷன் அவளைத் தன் மானத்தைச் சுமக்கும் பாத்திரம் என்றான். எவனும் அவளை ஒரு மனுஷி என்று எண்ணவில்லை.

மானம் என்னும் அந்த வார்த்தையை நாம் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, பட்டப்பகலில், ஜாதி கடந்து மணந்த சங்கர் என்னும் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். அது தூர தேசம் என்றால், இங்கேயிருந்து கூப்பிடு தூரத்திலிருக்கும் பள்ளிக்கரணையில் 2024 பிப்ரவரியில் என்ன நடந்தது? தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர் ஒருவர், வேறு ஜாதிப் பெண்ணை மணந்த சில மாதங்களில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் சகோதரனையும் கூட்டாளிகளையும் போலீசார் கைது செய்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெண்ணும் உயிரை விட்டாள். அங்கே எந்த மாப்பிள்ளை பொறாமைப்பட்டான்? எவன் குணம் கெட்டது? குறிப்புப் புத்தகக்காரர்கள் பதில் சொல்லட்டும்.

இனி, இந்த நாடகத்தை ஆடியவர்களுக்கு நேர்ந்ததையும் கொஞ்சம் கேளுங்கள். நாடகம் கறுப்பனைப் பற்றியது. ஆனால் இருநூறு வருஷத்துக்குமேல் வெள்ளையர்தான் மை பூசிக்கொண்டு ஆடினார்கள். ரைமர் என்னும் விமரிசகர், கறுப்பனைச் சேனாதிபதியாக்கியதே அபத்தம் என்று 1693-ல் எழுதினார். கோல்ரிட்ஜ் என்னும் கவிஞருக்கோ, வெள்ளைப்பெண் அசல் கறுப்பனைக் காதலிப்பாள் என்பதை நினைக்கவே முடியவில்லை. ஆகையால் ஒதெல்லோ கறுப்பனே அல்ல என்று சாதித்தார். 1833-ல் லண்டன் கோவென்ட் கார்டன் கொட்டகையில் எட்மண்ட் கீன் என்னும் பிரபல நடிகர் ஒதெல்லோவாக ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். அவருக்குப் பதிலாக ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்னும் கறுப்பர் மேடையேறினார். பத்திரிகைகள் வசை பொழிந்தன. இரண்டே இரவுகள்தான் அங்கே அவர் ஆட்டம். அவர் பிறகு ஐரோப்பாவெங்கும் சுற்றிப் பேரும் பதக்கமும் பெற்று, 1867-ல் போலந்து நாட்டு லோட்ஸ் நகரில் இறந்தார்.

நம் தேசத்திலும் ஒரு சங்கதி உண்டு. 1848-ல் கல்கத்தாவில் ‘சான் சூசி’ என்னும் இங்கிலீஷ்காரர் நாடகக் கொட்டகையில், வைஷ்ணவ சரண் ஆட்யா என்னும் வங்காளி ஒதெல்லோ வேஷம் கட்டினார். டெஸ்டிமோனாவாக வந்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். உடன் நடிக்கவிருந்த சிப்பாய்களுக்கு அவர்கள் அதிகாரி அனுமதி மறுத்ததால், குறித்த நாளில் நடக்காமல் ஆகஸ்ட் 17-ல் நடந்தது. சாயம் பூசாத அசல் கறுப்பு ஒதெல்லோ வருகிறானாம் என்று ஒருவர் கேலியாய்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வங்காளி எங்கே, ஆப்பிரிக்கன் எங்கே! துரைமாருக்கு இருவரும் ஒன்றே. ஆனால் அந்த வங்காளியிடம் போய் நீரும் ஆப்பிரிக்கனும் ஒன்றா என்று கேட்டிருந்தால் அவருக்கும் கோபம் வந்திருக்கும் என்றே நினைக்கிறோம். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரும் மற்றவரும் மணக்கக்கூடாதென்று 1949-ல் போட்ட சட்டம் 1985 வரை இருந்தது. அது நீங்கிய இரண்டாம் வருஷம், ஜோஹன்னஸ்பர்க்கில் ஜான் கானி என்னும் கறுப்பர் ஒதெல்லோவாக ஆடினார். மேடையில் அவர் வெள்ளைப்பெண்ணை முத்தமிட்டபோது எழுந்து வெளியே போனவர்கள் உண்டு.

தமிழுக்கு வருவோம். அ. மாதவையா என்னும் ஆசிரியர், சீர்திருத்தத்தில் ஆசையுள்ளவர், 1925-ல் காலமானவர். இவர் ஒதெல்லோவைத் தமிழாக்கி ‘உதயலன்’ என்று பெயரிட்டார். வெனிஸ் பட்டணம் கொற்கையாயிற்று. மூர் ஜாதியானோ சிங்களவனாக மாறிவிட்டான்! கொற்கைச் சிங்களவன் என்றே தலைப்பில் போட்டார். அவருடைய முயற்சியை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். கொற்கைக் கனவான் ஒருவர் விருந்துக்கு அழைத்து, மருமகனாக மட்டும் ஏற்கமாட்டாத மனிதனைத் தேடி ஏன் கடல் தாண்டிப் போகவேண்டும்? ஊர்க்கோடியில் ஒரு சேரி இல்லையா? சேரிக்காரனைச் சேனாதிபதியாக்கினால் தமிழ் வாசகர் நம்பமாட்டார் என்று ஒருவேளை எண்ணியிருக்கலாம். ரைமரும் அதைத்தானே சொன்னார்!

1963-ல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் இந்த நாடகத்தில் ஒரு காட்சியை இங்கிலீஷிலேயே நடிப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அது கொலைக் காட்சி. சபையில் தகப்பன் மருந்து மந்திரம் என்று கத்தும் காட்சியையும் யாராவது நடித்துக் காட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதை மலையாளத்தார் செய்தார்கள். 1997-ல் ஜெயராஜ் எடுத்த ‘களியாட்டம்’ படத்தில் ஒதெல்லோ தெய்யம் ஆடும் தாழ்ந்த ஜாதிக்காரன், கண்ணன் பெருமலையன். வேஷம் கட்டி ஆடும்போது அவன் தெய்வம்; ஊரே காலில் விழுகிறது. வேஷம் கலைந்தால் மேல்ஜாதிப் பெண் தாமரையைக் கட்டிய கீழ்ஜாதிக்காரன். விழுந்து கும்பிடலாம், சம்பந்தம் செய்யக்கூடாது! அதில் நடித்த சுரேஷ் கோபிக்கு தேசிய விருது கிடைத்தது. வெனிஸ் கதையை நம் பக்கத்து மண்ணில் நட்டால் எப்படி வேர் பிடிக்கிறது என்பதற்கு வாலிபர்கள் அதைப் பார்க்கவேண்டும்.

கூட்டத்திலிருந்து ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். கடைசியில் இயாகோவுக்கு என்ன தண்டனை, ஒதெல்லோவின் சொத்து யாருக்குப் போயிற்று என்று கேட்கிறார். இயாகோவைச் சித்திரவதை செய்யும்படி உத்தரவாகிறது. அவனோ, ஏன் செய்தாய் என்ற கேள்விக்கு இனி வாய் திறக்கமாட்டேன் என்று நின்றுவிடுகிறான். சைப்ரஸ் அதிகாரம் காஸியோவுக்குப் போகிறது. பெண்ணைப் பெற்ற பிரபான்ஷியோ, இந்தக் கல்யாண துக்கத்தாலேயே முன்னமே செத்துப்போனார். பிணங்கள் இன்னும் படுக்கையில் கிடக்கும்போதே, வெனிஸிலிருந்து வந்த பெரிய மனிதர், ஒதெல்லோவின் வீட்டையும் செல்வத்தையும் பெண்ணின் சித்தப்பா கிராஷியானோ எடுத்துக்கொள்ளவேண்டியது என்று சொல்லிவிட்டுக் கப்பலேறப் போகிறார்.